இடது பக்கத்துப் பிள்ளை

மல்லாட்டை ஆய்கிற இடத்தில் எதையும் மறைத்து வைக்க முடியாது. பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிக் குவியலைச் சுற்றிப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் கை காயை ஆயும், வாய் ஊரை ஆயும். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் பொழுது சாய்வதற்குள் பேசி முடிந்துவிடும். அப்படிப்பட்ட பெண்கள் அந்த ஆவணி மாதத்தில் ஒரு விஷயத்தை மட்டும் இருதயமேரியிடம் சொல்லாமல் நாட்களைக் கடத்தினார்கள். சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காரணம், அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

சந்தோஷத்துக்குக் காரணம் ஒரு போர்டு. கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை ஓரம், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே வேங்கடேசனின் போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோவின் நெற்றியில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தான். அதில் மேரியின் மகள் மலர்விழி இரண்டு தடவை இருந்தாள். வலது பக்கம் பால் போல வெளுத்து, தலையில் வெள்ளைப் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி, தேவதை மாதிரி ஒரு சிரிப்பு. அடியில் ‘பின்’ என்று எழுதியிருந்தது. இடது பக்கமும் அவள்தான், அதே கவுன்தான். அதன் அடியில் ‘முன்’.

மேரி படிக்காதவள் இல்லை, எட்டாவது வரை போனவள். ஆனால் அந்தப் போர்டை அவள் பார்த்தபோதெல்லாம் கண் வலது பக்கமே போய் நின்றது. பெற்றவள் கண் அப்படித்தான் போகும். போதாததற்குப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தாள். விழுப்புரம் போனால் பஸ்ஸில் வலது பக்கமாக உட்காருங்கள், அப்போதுதான் என் பெண் நன்றாகத் தெரியும் என்று சீட்டு வரைக்கும் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு மல்லாட்டைக் கொல்லையில் வெயில் முதுகைப் பொசுக்கியது. வரப்பு ஓரம் இருந்த வேப்பமரத்து நிழல் குவியலுக்கு எட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி கேட்டாள்.

“ஏன் மேரி, ஒம் பொண்ணு இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போவலயா?”

“வவுத்து வலின்னு சொல்லிக்கினு படுத்துகினு இருக்குது. காலைல ஒரு வாய் கூழு கூட குடிக்கல.”

“போன வாரமும் வவுத்து வலிதான?”

“போன வாரம் தல வலி.”

“ஆசுபத்திரிக்கு இட்டுகினு போனியா?”

“போனேன். நர்சம்மா பாத்துட்டு ஒன்னும் இல்லன்னுட்டாங்க. ஸ்கூலுக்குப் போவ டிமிக்கி குடுக்குதுன்னாங்க. எம் பொண்ணு அப்டி குடுக்கற பொண்ணா? லீவு வுட்டாவே அழுவுற பொண்ணு.”

அம்சவள்ளி கையில் இருந்த செடியை உதறினாள். மண் கொட்டியது. ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக ஆய்ந்தார்கள். அவ்வளவு மும்முரத்தை அந்தக் கொல்லைக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

“மேரி, நான் சொன்னா கோச்சிக்க மாட்டியே?”

“சொல்லு.”

“அந்தப் போர்டுல எடது பக்கம் இருக்கறத பாத்தியா நீ?”

“பாத்தேனே. ரெண்டும் எம் பொண்ணுதான.”

“அதான் சொல்றேன். ரெண்டும் ஒம் பொண்ணுதான். ஸ்கூல்ல புள்ளைங்க அத்த ‘முன்னு’ன்னு கூப்புடுதாம். பேரே அதான் இப்போ. ‘ஏய் முன்னு, பின்னு எங்க, வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா’ன்னு கேக்குதாம். எம் பையன் வந்து சொல்லிச் சிரிக்கிறான். ரெண்டு சாத்து சாத்தினேன்.”

மேரியின் கை நின்றுவிட்டது. “எப்பலருந்து?”

“போர்டு கட்டன மறுநாள்லருந்துதான். பஸ்சுல போற புள்ளைங்க எல்லாம் பாக்குதில்ல.”

“இத்தினி நாளா ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“எப்டி சொல்றது? நீதான் போய்ப் பாருங்கடி, போய்ப் பாருங்கடின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த.”

எதிரே இருந்த கிழவி பேச்சை மாற்றுவதற்காக, காய் இந்த வருஷம் பொக்கு அதிகம் என்றாள். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மேரிக்குக் காது அடைத்துப் போயிருந்தது. தான் சொல்லிச் சொல்லி அனுப்பிய ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. அவர்கள் எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து எந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது.

அந்தப் போட்டோ எடுத்த கதை இதுதான். சித்திரை மாதம் மலர்விழிக்குப் புதுநன்மை. கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அவர்கள் தெருவில் கல்யாணத்துக்கு அடுத்தபடியாகக் கொண்டாடுவது இதைத்தான். கடன் வாங்கியாவது வெள்ளைக் கவுன் எடுப்பார்கள், போட்டோ எடுக்காமல் விடமாட்டார்கள். மேரியின் புருஷன் ஆரோக்கியராஜ் சென்னையில் கட்டட வேலை செய்கிறவன். பாண்டி பஜாரில் அலைந்து, கழுத்தில் முத்து வைத்த கவுன் வாங்கி அனுப்பியிருந்தான். கோயிலில் இருந்து ஷேர் ஆட்டோவில் நெரிசலில் வந்து இறங்கியபோது உச்சி வெயில். பெண்ணின் முகத்தில் எண்ணெயும் வேர்வையும் வழிந்தது.

வேங்கடேசன் அவளை உள்ளே விடாமல் கடை வாசலிலேயே நிற்க வைத்தான். “சும்மா ஒரு டெஸ்ட்டு” என்றான். மலர்விழி, வெளியில் நிற்க மாட்டேன், கண் கூசுகிறது என்று சிணுங்கினாள். “அண்ணன் சொல்றாரு, நில்லு” என்று மேரிதான் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே இருந்து மேலாக ஒன்று எடுத்தான்.

அதன் பிறகு உள்ளே நடந்ததுதான் வித்தை. குடை போல ஒரு விளக்கு, பெட்டி போல ஒரு விளக்கு. வெளிச்சம் கன்னத்தில் விழ இந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அதை மேரியே பிடித்துக்கொண்டு நின்றாள். வேங்கடேசன் ஸ்டூலில் ஏறி, “மொகவாய எறக்கு, கண்ண மட்டும் மேல தூக்கு, அவ்ளோதான், பல்லு காட்டாத” என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். தொழில் தெரிந்தவன், அதை இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு அவன் மனைவி கலைப்பிரியா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ததெல்லாம் சேர்ந்து அந்தத் தேவதை வந்தது. அதைப் பெரிதாக ஃபிரேம் போட்டு சும்மாவே கொடுத்தான். “போர்டுல போட்டுக்கட்டுமா?” என்று கேட்டான். மேரிக்குத் தலை கால் புரியவில்லை. “தாராளமா போட்டுக்குங்க” என்றாள். படம் இப்போது வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

கொல்லையில் இருந்து வந்த மேரி கை கால் கூடக் கழுவவில்லை. மலர்விழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் பவுடர் டப்பா. மாதம் பிறந்து வாங்கியது, தூக்கிப் பார்த்தால் காலி.

“இத்தினி பவுடரா போட்ட?”

பெண் திரும்பவில்லை.

“எங்கிட்ட சொல்லக் கூடாதா கண்ணு?”

“நீதான நில்லுன்ன” என்றாள் மலர்விழி சுவரிடம். “நான் வெளில நிக்க மாட்டேன்னு சொன்னேன். நீதான் நில்லுன்ன.”

மேரி அவள் முதுகில் கை வைத்தாள். முதுகு நகர்ந்துகொண்டது.

ஆரோக்கியராஜ் சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். வருகிறபோதே மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன், அன்று பையைக் கதவோரம் வைத்துவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்தான். மேரி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்தாள். அவன் கையை அலம்பிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் உள்ளே தூங்குகிறாள் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

“சாப்புடுயா. ஆறிப்போவுது.”

“போர்டு பாத்தேன்” என்றான்.

மேரி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள்.

“யாரக் கேட்டு கட்டனான் அவன்?”

“என்னத்தான் கேட்டாரு. நான்தான் சரின்னேன்.”

அவன் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மேரிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“பஸ்ச வுட்டு எறங்கி எதிர்க்க டீ குடிச்சிக்கினு இருந்தேன். நிமுந்து பாத்தா போர்டு. எடது பக்கம் ஒரு புள்ள. கண்ணு உள்ள போயி, மூஞ்சி கருத்து, பல்லு மஞ்சளா… ‘அய்யோ பாவம், யாரு பெத்த புள்ளயோ, சோறு போடறாங்களோ இல்லயோ’ன்னேன். மனசுல நெனச்சிக்கினு இருந்தாலும் பரவால்ல மேரி. டீக்கடக்காரரு கிட்ட வாய்விட்டுச் சொன்னேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. கிளாச கழுவறாப்புல அந்தாண்ட திரும்பிக்கினாரு. அப்பறம்தான் கவுன பாத்தேன். கழுத்துல முத்து வெச்ச கவுனு. நான் வாங்கனது.”

“மூஞ்சிய பாத்துத் தெரியலயா ஒனக்கு?”

“தெரியல.”

தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அவனே சொன்னான். “வலது பக்கத்தப் பாத்தும் தெரியல. ரெண்டுத்துலயும் எனக்குத் தெரியல. கவுனுதான் தெரிஞ்சிது.”

களி ஆறிப் பாறையாகிவிட்டது. அவன் அப்படியே மூடி வைக்கச் சொன்னான். பெற்ற பிள்ளையை யார் பெற்றதோ என்று கேட்டுவிட்ட மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்கும். உள்ளே பாய் சரசரத்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மலர்விழி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். கேட்டிருப்பாளோ என்று மேரி புருஷனைப் பார்த்தாள். அவன் தலை தொங்கியது.

மறுநாள் பூசை முடிந்து மூன்று பேரும் கூட்டேரிப்பட்டுக்குப் போனார்கள். வர மாட்டேன் என்று அழுத பெண்ணை, போர்டை இறக்கத்தான் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் அம்மாவின் முந்தானையை முகத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

வேங்கடேசன் பாஸ்போர்ட் சைஸ் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். ஆரோக்கியராஜை விட வயதில் சின்னவன்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை வயது தீர்மானிப்பதில்லை.

“வா ஆரோக்கியம், எப்ப வந்த? மெட்ராசுல மழையா?”

“இல்லீங்க. போர்டு விசயமா வந்தோம்.”

“நல்லா இருக்குல்ல? திண்டிவனத்துல குடுத்து அடிச்சேன். பிரிண்ட்டு சும்மா கண்ணாடியாட்டம் இருக்குது பாரு. ஒம் பொண்ணு ஃபேமஸ் ஆயிடிச்சி.”

“அத்த எறக்கிடுங்க.”

வேங்கடேசன் கத்தரியைக் கீழே வைத்தான். “ஏன்? ஒம் பொண்டாட்டிகிட்ட கேட்டுத்தான போட்டேன். கேளு.”

“கேட்டாரு” என்றாள் மேரி. “நல்லா இருக்கறத மட்டும் போடுவீங்கன்னு நெனச்சிட்டேன்.”

“அத்த மட்டும் போட்டா எங்க வேல எப்டிமா தெரியும்? லைட்டு, ஆங்கிளு, எடிட்டிங்கு. எங்க பொழப்பே இந்த மூணுதான். எப்டி இருந்த புள்ளய எப்டி ஆக்கிட்டோம்னு காட்டணும்ல.”

“ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்றாங்க. புள்ள ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது.”

“பசங்கன்னா நாலு நாளைக்குப் பேசும், அப்பறம் வுட்டுடும். இதுக்குப் போயி…”

“எம் பொண்ணு அப்டியா இருக்குது?” என்று ஆரோக்கியராஜ் கேட்டான். குரல் உயரவில்லை. “நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதோ நிக்குது.”

வேங்கடேசன் மலர்விழியைப் பார்க்காமல், “கேமரா பொய் சொல்லுமா ஆரோக்கியம்?” என்றான்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கலைப்பிரியாவின் கை நின்றது.

“ஒங்க வூட்லயும் பொண்ணு இருக்குதில்லீங்க. எம் பொண்ணு வயசுதான். அத்த வெயில்ல நிக்க வெச்சி ஒண்ணு, உள்ள ஒண்ணு எடுத்துப் போட்டிருக்கலாமே” என்றான் ஆரோக்கியராஜ்.

“எம் பொண்ணு போட்டோவ எப்டி ஆரோக்கியம் நடு ரோட்டுல…” என்று ஆரம்பித்த வேங்கடேசன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். சொல்லியது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. மேஜை மேல் கிடந்த படங்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிய படங்களையே மறுபடியும் அடுக்கினான்.

“அக்கா, கொஞ்சம் இங்க வாங்க” என்று கலைப்பிரியா உள்ளே இருந்து கூப்பிட்டாள்.

“பிரியா, வுடு. நான் பேசிக்கறேன்.”

“நீங்க பேசனது போதும்.”

மேரியும் மகளும் உள்ளே போனார்கள். ஆரோக்கியராஜ் அறை வாசலில் நின்றான். கலைப்பிரியா எங்கெங்கோ தேடி ஒரு படத்தைத் திறந்தாள்.

“இதான் அன்னிக்கு வெளில எடுத்தது. எடுத்தது எடுத்தபடி. போர்டுல இருக்கறது இது இல்லக்கா. இத்த நான்தான் கருப்பாக்கனேன். கண்ணுக்குக் கீழ நெழலு போட்டேன். பல்லுல மஞ்ச ஏத்தனேன். கன்னத்த கொஞ்சம் உள்ள தள்ளனேன். மொதல்ல போட்டுக் காட்டனப்போ வித்தியாசம் பத்தலன்னாரு. இன்னும் போடு, இன்னும் போடுன்னாரு. போட்டேன். தப்புதான்.”

திரையில் மலர்விழி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண் கூசி மூடியிருந்தது. மூக்கு நுனியில் வேர்வை மின்னியது. விழுந்து முளைக்காத பல்லின் சந்து தெரிய வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மேரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எதிரே டீக்கடையில் ஓர் ஆடு பன்னைக் கவ்விக்கொண்டு ஓடியது. கடைக்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். அதைப் பார்த்து வந்த சிரிப்பு. அதற்கு முந்தின நிமிஷம் வரை சிணுங்கிக்கொண்டிருந்த பெண்.

“இதாங்க எம் பொண்ணு” என்றான் ஆரோக்கியராஜ் வாசலில் இருந்து. “இத்த காட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

மலர்விழி முந்தானையை முகத்தில் இருந்து எடுத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அக்கா, இது முன்னா, பின்னா?” என்று கேட்டாள்.

கலைப்பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரெண்டும் இல்லடா. நீதான் இது” என்றாள். பிறகு வெளியே பார்த்து, “போர்ட எறக்குங்க. இப்பவே எறக்குங்க” என்றாள்.

வேங்கடேசன் தகராறு செய்யவில்லை. பக்கத்துக் கடையில் ஏணி வாங்கி வந்து சாத்தினான். “ஏறத்துக்கு ஆளு வரச்சொல்றேன்” என்று முணுமுணுத்தான். “வேணாங்க, எனக்கு இதான வேல” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜே ஏறினான். கயிறு அறுபடும் சத்தம் உள்ளே கேட்டது. இரண்டு மூன்று பேர் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேரிக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு லேசாக வந்தது. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தானாக வந்து பிடித்த கை.

“அக்கா, வூட்ல இருக்கற அந்தப் படத்த எடுத்துடுங்க” என்றாள் கலைப்பிரியா. “இத்தயே பெருசா போட்டு ஃபிரேம் பண்ணித் தர்றேன். எதுவும் பண்ணாம, அப்டியே. என்னால முடிஞ்சது அதான்.”

“போட்டுக் குடும்மா” என்றாள் மேரி. “புண்ணியமாப் போவும். எங்க வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்.”

கலைப்பிரியா பிரிண்ட் போடுவதற்கு ஏதோ அழுத்தினாள். படம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. வேர்வை வழிந்த நெற்றி, வெயிலில் பளபளத்த கருப்புக் கன்னம், பல் இல்லாத சந்து. மேரி வீட்டுச் சுவரை நினைத்தாள். மாதா படத்தை நினைத்தாள். அதற்குப் பக்கத்தில் இது தொங்கும், நாத்தனார் வருவாள், கோயில் ஆட்கள் வருவார்கள். அவளே அறியாமல் அவள் வாய் பேசியது.

“லேசா மட்டும்… கொஞ்சமே கொஞ்சம் வெளுப்பாத் தெரியறாப்புல போட முடியுமா பிரியா?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கலைப்பிரியா மவுசில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேரியின் கைக்குள் இருந்த சின்னக் கை மெதுவாக உருவிக்கொண்டது. மலர்விழி அழவில்லை, அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே போய் அப்பா ஏறியிருந்த ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.